கல்லெழுத்தும் கறுத்த முகமும்

பனையோலையில் எழுதப் பழகிய நம் முன்னோர்க்கு மையாடல் என்னும் தொழில் நன்கு தெரியும். எழுத்தாணியால் கீறிய புத்தோலையில் எழுத்தும் ஓலையின் நிறமாகவே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாலன்றி அதைப் படிக்க வராது. மாவிலையைச் சுட்ட கரியையோ விளக்குக் கரியையோ கோவையிலைச் சாறு, ஊமத்தஞ்சாறு, மஞ்சள் முதலியவற்றோடு சேர்த்து ஓலையின்மேல் தடவித் துடைத்தால், கரி கீறலுக்குள் தங்கிவிடும். மேற்பரப்பு வெளுப்பாக நிற்கும். அதன் பிறகு எழுத்து கண்ணெதிரே எழுந்து வரும். இங்கே புதிதாக ஓர் எழுத்தும் சேர்க்கப்படவில்லை. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே இருந்த தொலைவு கூட்டப்பட்டது, அவ்வளவே.

இத்தொலைவைத்தான் படம் பிடிப்போர் 'காண்டிராஸ்ட்' என்று சொல்கின்றனர். தொலைவு மிகுந்த படத்தை 'ஹார்டு' என்றும், குறைந்த படத்தை 'சாப்ட்' என்றும் ஸ்டூடியோக்களில் பேசிக்கொள்வது வழக்கம். ஒலிகளை வன்மை, மென்மை, இடைமை என்று பிரித்துக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதை விளக்க வேறு சொல் தேட வேண்டியதில்லை. வன்படி, மென்படி என்றே ஈண்டு வழங்குவோம். வன்படியில் கரியது மேலும் கரிதாகும், வெளியது மேலும் வெளிதாகும், நடுவிலுள்ள சாம்பல் நிறங்கள் அழிந்துபோகும். மென்படியில் அந்நடுநிறங்கள் விரிந்து நிற்கும். எழுத்தைப் படிக்க முன்னது வேண்டும். முகத்தைப் பார்க்கப் பின்னது வேண்டும். சொல்லிவிட்டால் எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டைக் கவனியாமையால், நம் நாட்டுத் தமிழரின் பழைய படங்களில் பெரும்பகுதியை நாம் தவறாகவே பார்த்து வருகிறோம் என்பது என் கருத்து.

முதலில் எழுத்தின் கதையைப் பார்ப்போம். அது தஞ்சையில் தொடங்குகிறது.

லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்திக்கொண்டது. 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி வந்த அவர், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் செய்த வேலை ஒன்று தமிழ் வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக இருபத்தொரு எதிர்ப்படங்களில் பிடித்து, படிகளை வரிசையாக ஒட்டிச் சேர்த்தார். சேர்ந்த படத்தின் நீளம் ஏறத்தாழ 19 அடி. இராசராசன் தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில், தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என்று ஆணையிட்டானே, அந்த அரசாணையின் வாசகம் தாங்கிய கற்கள் இவை.

டிரைப் பயன்படுத்தியது பெரும்பாலும் மெழுகூட்டிய காகித எதிர்ப்படம். கண்ணாடியைப் போன்ற தெளிவு அதில் வராது; காகிதத்தின் நாரும் சேர்ந்து பதியும். அத்துடன் கருங்கல்லில் வெட்டிய எழுத்துக்கும் கல்லுக்கும் நிறம் ஒன்றே. வெட்டின் பள்ளத்தில் விழும் நிழலே அங்கு மை. வெயில் நேராக அடித்தால் நிழல் இல்லை; நிழல் இல்லையேல் எழுத்தும் இல்லை. சாய்வெயில் விழும் நேரம் பார்த்துக் காத்திருந்து, அந்நிழலைப் படியில் இயன்றவரை கருக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிரைப் செய்தது ஒரு வகையில் மையாடல்தான்.

இவ்வளவு முயன்றவரின் பணி நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் செலவு மிகுதி என்று கருதி நிழற்படப் பிரிவை மூடிவிட்டார். பின்னர் 1886-இல் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஹுல்ட்சு அக்கல்வெட்டுகளை முறையாகப் படித்து 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிட்டார். அறிஞர் உலகம் அப்போது பெரிதும் நம்பியது மசிப்படியை. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேற்பரப்பில் மட்டும் மை ஒற்றி எடுத்தால், கரிய தாளில் வெள்ளெழுத்துகள் நிற்கும். நடுநிறம் என்பதே அதில் கிடையாது. வன்மையின் எல்லை அதுதான். கல்லின் நிறமும் பாசியும் கோயிற் சுவரின் அழகும் எல்லாம் அதில் தொலைந்துபோகும். படிப்பவனுக்கு அவற்றால் இழப்பு ஒன்றுமில்லை. அவன் தேடுவது எழுத்தை மட்டும்.

இனி முகத்தின் கதை. இதற்கு நாம் நம் ஊருக்கே வர வேண்டும்.

பந்திங்கைச் சுற்றியுள்ள கோலலங்காட் வட்டாரம் பழைய சிலாங்கூரின் அரசிருக்கை. சுல்தான் அப்துல் சமாத் ஜுக்ராவில் வாழ்ந்து 1898-இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த சுல்தான் சுலைமான் கட்டிய இஸ்தானா பண்டார் 1905-இல் முடிந்தது. அதே காலத்தில்தான் ஆற்றின் இரு கரையிலும் ரப்பர் பரவிற்று. எட்வர்ட் கேரி என்னும் துரையின் பெயரால் ஒரு தீவே வழங்கலாயிற்று. காடழித்தவரும் வடிகால் வெட்டியவரும் பால்மரம் சீவியவரும் பெரும்பாலும் தமிழர். அவர்களை முதன்முதலாகக் கருவிமுன் நிறுத்தியவர்கள் படம் விற்கும் வெள்ளையரும் தோட்ட முதலாளிகளுமே. மேடானில் கடை வைத்திருந்த கிளைன்குரோத் 1907-இல் மலாயாத் தீபகற்பத்தைப் பற்றி ஒரு படத்தொகுதி வெளியிட்டார். 1908-இல் ரைட், கார்ட்ரைட் என்னும் இருவர் தொகுத்த பெருநூல் ஒன்று இலண்டனில் அச்சாயிற்று. மலாயாவின் தோட்டங்களையும் தொழில்களையும் படங்களோடு விவரிக்கும் நூல் அது.

இக்காலத்துத் தோட்டப் படங்களைப் பார்த்தவர்க்கு ஒன்று நினைவிருக்கும். வெள்ளைத் தலைப்பாகை தெரியும். வெள்ளை வேட்டி தெரியும். அவற்றுக்கு இடையே ஒரு கரிய வடிவம் தெரியும். கண் எங்கே, மூக்கு எங்கே, அவன் சிரித்தானா சினந்தானா என்பது தெரியாது. பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்த துரையின் மீசை மட்டும் மயிரிழை மயிரிழையாகத் தெரியும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வெயிலில் கறுத்தவர்கள், ஆதலால் அப்படித்தான் இருக்கும் என்று நாமும் எண்ணி விட்டுவிடுகிறோம். அது முழு உண்மையன்று. அந்தக் கருமையில் ஒரு பகுதிதான் அவர்களுடையது. மற்றது மருந்தினுடையது.

அக்கால நிழற்பட மருந்து எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் பார்க்கவில்லை. வெள்ளியுப்புக்கு இயல்பாக உணர்வது நீலமும் ஊதாவுமே. பச்சை அதற்கு அரைகுறை. சிவப்பு அதற்கு இருட்டு. வானம் நீலமாகையால் படத்தில் வெறும் வெள்ளையாக விழுந்தது; டிரைப்பும் தம் எதிர்ப்படங்களில் வண்ணம் தீட்டி மேகம் உண்டாக்கியதுண்டு. வானத்தை வெளுக்க வைத்த அதே குறைபாடு தமிழன் முகத்தைக் கறுக்க வைத்தது. பழுப்புத் தோலிலிருந்து திரும்பும் ஒளியில் செம்மையும் மஞ்சளுமே மிகுதி. நீலம் மிகக் குறைவு. மருந்துக்குத் தெரிவது அந்தக் குறைவான நீலம் மட்டுந்தான். ஆகவே கண்ணுக்கு மாநிறமாகத் தெரிந்த முகம் படத்தில் கரியாக விழுந்தது. வெள்ளையர் முகத்திலும் சிவந்த கன்னமும் உதடும் கறுத்தே விழுந்தன. ஆனால் அடிநிறம் வெளிதாகையால் முகம் பிழைத்தது.

1873-இல் ஜெர்மானியரான வோகல், மருந்தில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டார். சிவப்பையும் உணரும் தகடுகள் 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. ஆனால் விற்பனைக்கு வந்தது வேறு, எளியவர் கையில் வந்தது வேறு. பெட்டிக் காமிராவில் போடும் மலிவான சுருள்கள் நெடுங்காலம் சிவப்பை உணராதவையாகவே இருந்தன. கோடக் கம்பெனியின் 'வெரிக்குரோம்' 1956-இல்தான் அக்குறை நீங்கியது. மலாயா விடுதலை அடைவதற்கு முந்திய ஆண்டு வரையில் நம் தோட்டங்களில் எடுத்த எத்தனையோ படங்கள் இந்த அரைக் குருட்டுச் சுருளில் பதிந்தவை என்று கொள்ளலாம்.

இது முதற் கருமை. இதன்மேல் வேறு சிலவும் ஏறின.

நம் நாட்டு வெயில் நண்பகலில் உச்சந்தலையில் விழுவது. புருவத்தின் கீழ்க் கண் குழியில் நிழல். மூக்கின் கீழ் நிழல். வேலை முடிந்து ஆட்களைக் கூட்டி நிறுத்தினால் அந்நேரத்து வெயிலே கிடைக்கும். படம் பிடிப்பவன் எந்த அளவுக்கு ஒளி விட்டான் என்பதும் உண்டு. வெள்ளைச் சட்டைக்கும் வெள்ளை வேட்டிக்கும் கணக்குப் பார்த்து விட்டிருந்தால், முகத்துக்கு அது போதாது. எதிர்ப்படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ வெற்றுக் கண்ணாடியே இருக்கும்.

பிறகு வெப்பம். டெவலப்பர் என்னும் கழுவு மருந்து 20 பாகை சென்டிகிரேடில் பயன்படுத்தும்படி மேலைநாட்டார் வகுத்தது. இங்கே குழாயில் வரும் நீரே பெரும்பாலும் 25 பாகைக்கு மேல். பனிக்கட்டி வாங்கிப் போடுவோர் போட்டனர். போடாதவர் கையில் மருந்து விரைந்து வேலை செய்தது. ஒளி பட்ட இடங்களில் வெள்ளி மிகுதியாகத் திரண்டது. வேட்டி மேலும் கெட்டியாயிற்று. முகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே இரண்டுக்கும் இடையே தொலைவு மேலும் கூடிற்று. வெப்பம் மிகுந்தால் ஜெலட்டின் படலமே இளகி நழுவும் என்பதால் படிகாரக் கரைசலில் இறுக்கிக் கொள்வார்கள். அதெல்லாம் தொழிலாளியின் பாடு. நமக்கு வேண்டியது ஒன்று: இருட்டறையின் வெப்பமும் ஒரு வகையில் முகத்தைக் கருக்கும்.

எல்லாவற்றுக்கும் இறுதியில் நிற்பது தாள். எதிர்ப்படத்திலிருந்து நேர்ப்படம் எடுக்கும் தாளை, வன்மை மென்மைக்கு ஏற்ப எண்ணிட்டுத் தனித்தனிப் பெட்டிகளில் விற்றார்கள். குறைந்த எண் மென்மை. எண் கூடக்கூட வன்மை. ஒளிக்கும் கருமைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டலாம் என்று ஹுர்ட்டரும் டிரிப்பீல்டும் 1890-இல் எழுதிய பின்னர், இவ்வேற்றுமைகளை அளந்து சொல்லவும் வழி பிறந்தது. வேட்டிக்கும் முகத்துக்கும் பெருந்தொலைவு உள்ள எதிர்ப்படத்துக்கு மென்தாள் வேண்டும். ஆனால் சிறிய ஸ்டூடியோவில் நான்கு ஐந்து பெட்டிகளை வாங்கி வைப்பது இயலுமா? திறந்த பெட்டியில் நம் நாட்டு ஈரமும் வெப்பமும் புகுந்து தாளை மங்க வைத்துவிடும். அதிகம் செலவாகும் பெட்டி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதோடு பளிச்சென்ற படத்தையே நல்ல படம் என்று வாங்குவோரும் கருதினர். வெளிறிய படத்தைக் கொடுத்தால் மருந்து போதவில்லை என்பார்கள்! மென்படியை வெளிறிய படம் என்று மயங்குவது இன்றும் உள்ளதுதான்.

இவ்விடத்தில்தான் 1940-ஆம் ஆண்டு முக்கியமாகிறது. இங்கிலாந்தின் இல்போர்டு கம்பெனியில் இருந்த ரென்விக் என்னும் ஆராய்ச்சியாளர் கண்ட 'மல்டிகிரேடு' தாள் அவ்வாண்டு வெளிவந்தது. ஒரே தாள், வேண்டும்போது வன்தாளாகும், வேண்டும்போது மென்தாளாகும். இதன் நுட்பம் சுவையானது. அதன்மேல் பூசிய மருந்து நீல ஒளிக்கு ஒரு வகையாகவும் பச்சை ஒளிக்கு வேறு வகையாகவும் இணங்கும். நீலம் மட்டும் பட்டால் வன்படி விழும். பச்சை மட்டும் பட்டால் மென்படி விழும். இரண்டும் கலந்து பட்டால் கலப்பின் அளவுக்கேற்ப இடைப்பட்டது விழும். ஒளியைக் கலந்து கொடுப்பதற்குத்தான் 'பில்டர்' என்று கடையில் கேட்டு வாங்கும் நிறத்தகடுகள். மஞ்சள் தகடு நீலத்தைத் தடுத்துப் பச்சையை விடும், ஆகவே மென்மை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மெஜெந்தாத் தகடு பச்சையைத் தடுத்து நீலத்தை விடும், ஆகவே வன்மை. இன்றுள்ள இல்போர்டு தகடுகள் 00 முதல் 5 வரை அரையரை எண்ணாகப் பன்னிரண்டு. மூன்றரை எண் வரையில் ஒளிகாட்டும் நேரம் மாறாது. நான்கு முதல் மேலே இரட்டிப்பாகக் காட்ட வேண்டும். வன்மைத் தகடு அவ்வளவு ஒளியை விழுங்கிவிடுகிறது.

இதைக் காமிராவின் முன்னே மாட்டும் நிறக்கண்ணாடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காமிராக் கண்ணாடி உலகத்தின் நிறங்களுள் எது கருமையாகும், எது வெண்மையாகும் என்பதை முடிவு செய்யும். இருட்டறைத் தகட்டுக்கு உலகத்து நிறம் எதுவும் தெரியாது. அது ஏற்கெனவே பதிந்துவிட்ட கருமை வெண்மைகளின் தொலைவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பழைய ஆவணங்களோடு பழகும் ஆசிரியர்க்கு இரண்டுமே பயன்படும். மஞ்சளித்து மங்கிய பழம்படத்தை நீலக் கண்ணாடி வழியாகப் படமெடுத்தால் மங்கிய கோடுகள் கருத்துத் தெரியும்; மஞ்சள் நிறம் நீலத்தை விழுங்குவதே காரணம். காகிதத்தில் மஞ்சட்கறை படிந்திருந்தால் மஞ்சட் கண்ணாடி வழியாக எடுக்க வேண்டும், கறை மறைந்துபோகும். எழுத்தின்மேல் சிவப்பு முத்திரை குத்தியிருந்தால் சிவப்புக் கண்ணாடி. எது நமக்கு வேண்டாமோ அதன் நிறத்தையே கண்ணாடிக்குக் கொடுப்பது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மல்டிகிரேடு பிறந்த அடுத்த ஆண்டிறுதியில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஆங்கிலேயப் படை மீண்டும் வந்து 1945 செப்டம்பர் 9-இல் இறங்கிய கரைகளுள் ஒன்று நம் மோரிப். இடைப்பட்ட காலத்தில் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோன தோட்டத் தமிழர் பலருக்குப் பின்னால் எஞ்சிய படம்கூட இல்லை. இதை நினைக்கும்போது தாளின் நுட்பத்தைப் பற்றிப் பேசுவதே சிறு காரியமாகத் தோன்றும். ஆனால் படம் எஞ்சிய வீடுகளில் அந்த ஒரு படத்தை எப்படிப் படியெடுப்பது என்ற கேள்வியும் அதே அளவுக்குப் பெரிதாகிறது.

படமில்லாத வீடுகளுக்கும் படம் வந்து சேர்ந்தது அரசாங்க ஆணையால். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் பதிந்துகொண்டு, நிழற்படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. அதற்கு முன் ஒரு நாளும் படம் பிடித்துக்கொள்ளாத தோட்டத்துப் பெண்களும் முதியோரும் கருவிமுன் நின்றனர். காட்டிலிருந்த கொரில்லாக்கள் மக்களிடமிருந்து அக்கார்டுகளைப் பறித்து அழிக்க முயன்றனர் என்றால், அச்சிறு படத்தின் வலிமையை நாம் உணரலாம். விடுதலைக்குப் பின் குடியுரிமை உள்ளவர்க்கு நீலக் கார்டு, இல்லாதவர்க்குச் சிவப்புக் கார்டு என்று பிரிந்தது. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சிவப்புக் கார்டுக்காரரை உரிமச் சீட்டுக் கேட்க வைத்து, பல்லாயிரவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிற்று. கார்டு மனிதனின் இருப்புக்கே சான்றான காலம் அது. அத்தகைய கார்டில் ஒட்டிய, கட்டைவிரல் அளவே ஆன படத்தில் முகம் முகமாக விழுந்திருக்க வேண்டும் என்பது அழகுணர்ச்சியைச் சேர்ந்த கேள்வி மட்டுமா?

அக்கார்டுப் படங்கள் பலவற்றில் வெள்ளைத் திரைக்கு முன்னே முகம் நிற்கும். வெள்ளைத் திரையைப் பார்த்துத் தாளைத் தேர்ந்தால் முகம் கரியாகும். முகத்தைப் பார்த்துத் தேர்ந்தால் திரை சிறிது மங்கும். மங்கினால் என்ன? திரை யாருடைய பாட்டனும் அல்லவே!

மேலைநாட்டுக் கலைஞர்கள் வன்படியை வேண்டுமென்றே நாடியதுண்டு. பில் பிராண்ட் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலக் கலைஞர், 1930-களில் இலண்டன் மாந்தரையும் வடநாட்டுச் சுரங்கத் தொழிலாளரையும் எடுத்தவர். அவர் முதலில் எடுத்த படிகளில் சாம்பல் நிறங்கள் மிகுதி. பிற்காலத்தில் அதே எதிர்ப்படங்களிலிருந்து அவர் எடுத்த படிகள் கரியும் சுண்ணாம்புமாக மாறின. இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அவ்வன்படிகளே. எதிர்ப்படம் ஒன்றுதான், படி எடுத்தவரும் ஒருவர்தான், கருத்து மட்டும் மாறிற்று. அவருக்கு அது உரிமை. எதை இழக்கிறோம் என்று தெரிந்தே இழந்தார். மலாயாத் தோட்டத்தில் வரிசையாக நின்றவனுக்கு அப்படி ஓர் உரிமையும் இருந்ததில்லை. அவன் முகம் கரியாக வேண்டும் என்று எவரும் முடிவு செய்யவுமில்லை. மருந்து, வெயில், வெப்பம், பெட்டியில் எஞ்சியிருந்த தாள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து முடிவாகிவிட்டது.

இனி நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். பந்திங் வட்டாரத்துப் பழைய தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. துண்டாடப்பட்டு விற்றுப்போனவையும் உண்டு. 1998-இல் திறந்த பன்னாட்டு விமான நிலையம் அண்மையில் எழுந்தபோது கலைந்த குடியிருப்புகளும் உண்டு. தமிழ்ப்பள்ளிகள் சில இடம் மாறியும் நின்று நடக்கின்றன. பள்ளியின் ஆண்டு நிறைவுக்கு மலர் வெளியிடும்போது ஆசிரியர்கள் பழைய மாணவர் வீடுகளில் தேடிப் பழம்படங்களைக் கொண்டுவருகின்றனர். போற்றத்தக்க பணி. ஆனால் அப்படத்தை நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்து, அந்நகலையே அச்சகத்துக்குக் கொடுப்பதும் நடக்கிறது. நகல் இயந்திரம் எழுத்துக்கென்று அமைந்தது. அது மசிப்படியின் தம்பி, நடுநிறம் அறியாது. நாற்பது குழந்தைகள் நின்ற படத்தில் நாற்பது வெள்ளைச் சட்டைகள் மட்டும் மலருக்கு வந்து சேரும். கணினியில் ஏற்றித் திருத்துவோரும் 'காண்டிராஸ்ட்' என்ற குமிழை வலப்பக்கம் தள்ளுவதையே திருத்தம் என்று கருதுகின்றனர். இருட்டறை அருகிவிட்ட இக்காலத்திலும் கேள்வி பழையதுதான்.

ஒரு பள்ளிப் படத்தை எண்ணிக்கொள்க. நடுவில் தலைமையாசிரியர், இருபுறமும் ஆசிரியர், பின்னே மாணவர். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் மடியில் சிலேட்டை நிமிர்த்திப் பிடித்திருக்கிறான். அதில் தோட்டத்தின் பெயர், வகுப்பு, ஆண்டு. சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது, காலத்தால் மங்கிவிட்டது. நல்வாய்ப்பாக எதிர்ப்படமும் கிடைத்திருக்கிறது. எப்படிப் படி எடுப்பது?

மென்தாளில் எடுத்தால் முகங்கள் வரும். சிலேட்டு எழுத்து சாம்பலில் கரைந்துபோகும். வன்தாளில் எடுத்தால் எழுத்து வரும், முகங்கள் போகும். பழைய பெட்டித் தாளில் இரண்டையும் ஒரே படியில் பெறுவது மிகவும் அரிது. கம்பியில் ஒட்டிய சிறு அட்டையால் முகத்தின்மேல் விழும் ஒளியைச் சிறிது மறைத்து வெளுக்க வைக்கலாம். ஆனால் முகம் முழுவதும் ஒருங்கே வெளுக்குமேயன்றி, கண்ணுக்கும் கன்னத்துக்கும் உள்ள வேற்றுமை மாறாது. மல்டிகிரேடு தாளில் வழி உண்டு. முதலில் மென்மைத் தகட்டை வைத்து, சிலேட்டு விழும் இடத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு, படம் முழுவதற்கும் ஒளி காட்டுவது. பிறகு வன்மைத் தகட்டை வைத்து, சிலேட்டின் அளவுக்குத் துளையிட்ட அட்டை வழியாக அந்த இடத்துக்கு மட்டும் ஒளி காட்டுவது. ஒரே தாளில் முகத்துக்கு ஒன்றாம் எண், எழுத்துக்கு ஐந்தாம் எண். கழுவி எடுத்தால் சிறுவனும் இருப்பான், அவன் பிடித்த ஆண்டும் இருக்கும்.

இதில் ஓர் எல்லை உண்டு. எதிர்ப்படத்தில் பதியாத ஒன்றை எந்தத் தகடும் கொண்டுவராது. வெற்றுக் கண்ணாடியாக விட்டுப்போன முகத்தை மென்படியில் எடுத்தால் கரிய முகம் சாம்பல் முகமாகுமேயன்றிக் கண் திறக்காது. ஆனால் அப்படி முற்றும் வெறுமையான எதிர்ப்படங்கள் நாம் அஞ்சும் அளவுக்கு மிகுதியாக இரா. படியில் கரியாகத் தெரியும் பல முகங்கள் எதிர்ப்படத்தில் மெல்லிய வெள்ளித் துகளாக இன்னும் இருக்கக்கூடும். ஆதலால் பழம்படத்தைத் தேடிச் செல்வோர் சட்டம் போட்ட படியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், தகர டப்பாவிலும் பழைய கடித உறையிலும் கறுப்பு நிறத்தில் சுருண்டு கிடக்கும் துண்டுகளையும் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றுக்கும் உதவாதவை என்று வீட்டார் எறிவது பெரும்பாலும் அவற்றைத்தான். பூஞ்சை பிடித்திருந்தால் நீர்பட விடாமல், உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்துத் தனித்தனி உறையில் இட்டு, உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.

எதிர்ப்படம் இல்லாமல் பழைய படி மட்டும் கிடைத்தால் அதை இருமுறை படமெடுப்பது நன்று. ஒன்று எழுத்துக்கு, வன்மையாக. மற்றொன்று முகத்துக்கு, வெளிறியது என்று பிறர் குறை சொன்னாலும் மென்மையாக. மலரில் அச்சேற்றப் பின்னதைக் கொடுத்து, முன்னதிலிருந்து படித்த பெயரையும் ஆண்டையும் அதன் கீழே எழுத்துக் கோத்துப் போட்டுவிடலாம். மூலப்படியின் பின்புறத்தில் நிற்பவர்களின் பெயரை எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும். பேனா மை ஈரத்தில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். வந்து நிற்கும் இடம் யாரேனும் ஒருவருடைய முகமாகத்தான் இருக்கும்.